தேவதைகள் குடித்தது போக

1948-ல் பெங்களூரில் ராதாகிருஷ்ண ஜக்தாலே ஒரு மது ஆலையைத் தொடங்கினார். பிராந்தி, ரம் என்று அந்தக் காலத்து வழக்கமான சரக்குகள்தான். ராணுவ கேண்டீன்களுக்கு ரம் போனது, காசு தவறாமல் வந்தது. 1976-ல் அவர் மறைந்து, மகன் நீலகண்ட ராவ் ஜக்தாலே பொறுப்பேற்றபோது வியாபாரத்தில் குறையென்று எதுவும் இல்லை. ஆனால் மகனுக்கு ஒரு குறை இருந்தது.

அப்போது இந்தியாவில் விஸ்கி என்று விற்றதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸில் வடித்த ஸ்பிரிட். நிறமும் மணமும் சேர்த்து, விஸ்கி என்று லேபிள் ஒட்டினால் வேலை முடிந்தது. கறாராகப் பார்த்தால் அது ரம்முக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்கவே முடியாது. தானியத்தில் வடித்து, மூன்று ஆண்டுகளாவது மரப் பீப்பாயில் ஊறினால்தான் அங்கே அந்தப் பெயர் கிடைக்கும். நீலகண்ட ராவ் 1980-களின் தொடக்கத்தில் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் விவசாயிகளிடம் பார்லி வாங்கினார். முளைகட்டி, புளிக்கவைத்து, செப்புக் கொப்பரையில் வடித்து, ஓக் பீப்பாய்களில் ஊறவைத்தார். அசல் மால்ட் விஸ்கி கையில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கரும்பு ஸ்பிரிட்டில் கலந்துவிட்டார்.

தவறென்று சொல்ல முடியாது. அந்த மால்ட்டைத் தனியாக விலை கொடுத்து வாங்க இங்கே ஆள் இருக்கும் என்று அன்று யாருமே நினைக்கவில்லை. 1986-ல் வந்த 'மெக்கிண்டாஷ்' என்ற கலப்பு விஸ்கிக்குக் கொஞ்சம் கம்பீரம் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆலை வளர்ந்தது, மால்ட் வடிப்பும் கூடியது. 2000-த்தை ஒட்டி, கலப்புக்குத் தேவைப்பட்டதைவிடக் கூடுதலான மால்ட் கிடங்கில் சேர்ந்துவிட்டது. கேட்பாரில்லாமல் கிடந்த அந்தப் பீப்பாய்களுக்குள் வெயில் தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

மழையும் குளிருமான ஸ்காட்லாந்தில் பீப்பாய் விஸ்கி ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம்தான் ஆவியாகும். அந்த இழப்புக்கு அங்கே 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூரில், தேவதைகளுக்குத் தாகம் அதிகம். ஆண்டுக்கு 11, 12 சதவீதம் வரை போய்விடும். 200 லிட்டர் பீப்பாயை எட்டு ஆண்டு வைத்தால், ஸ்காட்லாந்தில் 170 லிட்டர் மிஞ்சும், இங்கே 80 லிட்டர்கூடத் தேறாது. எந்தக் கணக்குப்பிள்ளையும் தலையில் கைவைத்து உட்காரும் விஷயம். ஆனால் அதே வெயில்தான் சரக்கை மரத்துக்குள் வேகமாக இழுத்து, மரத்தின் சாரத்தோடு வெளியே தள்ளியது. ஓர் ஆண்டு ஊறியதைச் சுவைத்துப் பார்த்தால், ஸ்காட்லாந்தில் மூன்று ஆண்டு ஊறியதுபோல் இருந்தது. அப்படியானால் இதைத் தனியாகவே புட்டியில் அடைத்தால் என்ன?

அந்த நேரத்தில் நீலகண்ட ராவின் மகன் ரக்‌ஷித் இங்கிலாந்தின் நியூகாசிலில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். இந்திய சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் வடித்த மால்ட் மட்டும், பிரிட்டனில் விலைபோகுமா என்று பார்க்கச் சொன்னார் அப்பா. அதுவே பையனின் ஆய்வுக்கும் பொருளாகிவிட்டது. கிளாஸ்கோவில் 'பாட் ஸ்டில்' என்ற பேர்போன விஸ்கி பார் உண்டு. அங்கே எந்த ஊர் சரக்கு என்று சொல்லாமல் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்துப் பழகிய நாக்குகள் அதை ஸ்காட்லாந்துச் சரக்கு, நல்ல வயதுடையது என்றே கணித்தன. கேட்பவர் யாருக்கும் இதற்குமேல் சாட்சி தேவைப்படாது. 2004 ஆகஸ்ட் 24 அன்று, ஸ்காட்ச்சின் சொந்த மண்ணான கிளாஸ்கோவிலேயே, 'கஃபே இந்தியா' உணவகத்தில் புட்டி வெளியானது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. இந்திய உணவகங்கள் வழியாக விற்றுவிடலாம் என்பது திட்டம். காகிதத்தில் அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் கறிக்குத் துணையாக பீர் கேட்கிற ஊர் அது. சாப்பாட்டு மேசையில் சிங்கிள் மால்ட்டை யார் சீண்டுவார்கள்? விஸ்கிக் கடைகளிலோ 'இந்தியா' என்ற பெயரே தடையாக நின்றது. கண்ணை மூடிக் குடிக்கும்போது பிடித்தது, லேபிளைப் படித்ததும் பிடிக்காமல் போனது. பிரிட்டனில் விற்பனையோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் அசோக் சொக்கலிங்கம். பின்னாளில் இதே ஆலையின் தலைமை வடிப்பாளர் ஆனார். ஸ்காண்டிநேவியாவில் ஓரளவு வாசல் திறந்தது. அப்படியும் முதல் சில ஆண்டுகள் இழுபறிதான். ஒரு புத்தகம் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தந்தது.

விஸ்கி உலகில் ஜிம் மர்ரே என்ற ஆங்கிலேயர் தன் புத்தகத்தில் போடும் மதிப்பெண்ணுக்கு அன்று அலாதி மரியாதை. 2005-ல் அவர் பெங்களூர் மால்ட்டுக்கு 100-க்கு 82 போட்டார். முதல் வகுப்பு என்று கொண்டாட முடியாது, பாஸ். ஆலையில் இன்னொரு யோசனை ஊறிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து, பீட் எனும் கரிமண் புகையில் காயவைத்த பார்லி வந்திறங்கியது. அதையும் புகை படாத இந்திய பார்லியையும் தனித்தனியாக வடித்தார்கள், தனித்தனியாக ஊறவைத்தார்கள். கலப்பு வல்லுநர் சுரிந்தர் குமார், நம் சரக்கு மூன்று பங்கு, புகைச் சரக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் இரண்டையும் சேர்த்து மறுபடி பீப்பாய்க்குள் அனுப்பினார். 50 சதவீத வீரியத்தில் அது புட்டிக்கு வந்தது. மர்ரே புத்தகத்தின் 2010 பதிப்பு வெளியானபோது அந்தப் புட்டிக்கு 97 மதிப்பெண். உலகத்தில் மூன்றாம் இடம்.

'அம்ருத் ஃப்யூஷன்' என்பது அதன் பெயர். அம்ருத் என்பது ஜக்தாலேக்களின் ஆலைப் பெயர்தான். எந்த லேபிளைப் பார்த்து முகம் சுளித்தார்களோ, அதே லேபிளைத் தேடி வந்தார்கள். இத்தனைக்கும் பெங்களூர்க் கடைகளுக்கு இந்த மால்ட் வந்து சேர்ந்தது 2010-ல்தான்; கடல் கடந்து பேர் வாங்கிய பிறகே உள்ளூர்ப் பந்தியில் இலை விழுந்தது.

இன்று ஒரு விஸ்கி கிளப் அம்ருத்துக்கு என்று ஒரு மாலையை ஒதுக்கினால், மேசையில் வரிசையாக நிற்பது இந்த விபத்துகளின் வாரிசுகள்தான். வீரியம் ஏற ஏற, புகை கூடக் கூட என்று போவது பொதுவான முறை. முதலில் 46 சதவீத சாதா மால்ட். தேவைக்கு மேல் தேங்கிய சரக்கின் நேர் வம்சம். அடுத்து ஃப்யூஷன். பிறகு 'இன்டர்மீடியட் ஷெர்ரி': முதலில் போர்பன் எனும் அமெரிக்க விஸ்கியின் பீப்பாய், நடுவில் ஷெர்ரி ஒயின் பீப்பாய், மறுபடி போர்பன் என்று மூன்று வீடு மாறிய சரக்கு. போர்ட் ஒயின் பீப்பாயில் குடியிருந்த 'போர்ட்டோனோவா' 62 சதவீதத்தைத் தாண்டும். சில சொட்டுத் தண்ணீர் விடாமல் அதை மோந்து பார்ப்பது வீரம்தான், விவேகமா என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால் மேசையில் வம்பான புட்டி 'நாரங்கி'. ஐரோப்பிய விதிப்படி விஸ்கியில் ஆரஞ்சு வாசனை சேர்க்கக் கூடாது. ஆகவே ஷெர்ரியோடு ஆரஞ்சுத் தோலைப் பீப்பாயில் போட்டு மரத்தை ஊறவைத்து, அதைக் கொட்டிவிட்டு, வாசனை ஏறிய மரத்துக்குள் விஸ்கியை ஊற்றினார்கள். தோல் விஸ்கியைத் தொடவே இல்லை, சட்டம் வாயடைத்துப்போனது.

வரிசையில் பெரும்பாலும் இடம்பெறாத புட்டி ஒன்றும் உண்டு. பெங்களூர் வெயிலில் எட்டு ஆண்டும் அதற்கு மேலும் தாக்குப்பிடித்த கொஞ்சநஞ்சச் சரக்கை ஆலை தனியாக அடைத்து விற்றது. 'கிரீடி ஏஞ்சல்ஸ்' என்று பேராசைக்காரத் தேவதைகளின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அவர்கள் குடித்துவிட்டுப் போனதற்கும் சேர்த்துத்தான் விலை.