நீர் கழுவாத புகை

வன்னியின் புகையிலை வரலாற்றில், புகையை நீரினூடே இழுக்கும் உக்கா வேரூன்றவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஊர்த் திண்ணைகளில் இருந்தவை சுருட்டும் வெற்றிலைத் தட்டமும்தான். ஆனால் ‘இப்படிப் பாவித்தால் நஞ்சு ஏறாது’ என்ற உக்காக்காரரின் நம்பிக்கை இங்கும் வேறு உருவில் நெடுங்காலம் வாழ்ந்தது.

17ஆம் நூற்றாண்டில் புகையிலை இப்பக்கம் தலைச்சுமையாக வந்த சரக்கு. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ், 1679இல் தோழர் ஒருவருடன் வியாபாரி போல வடக்கே தப்பி நடந்தார். வடபகுதியில் எளிதில் கிடைக்காதவை என்று அவர் மூட்டையில் கட்டியவை புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான்கள். வன்னித் தலைவன் கயிலை வன்னியனின் ஆட்சிப்புறத் தமிழ் ஊர்களை ஒட்டி, அருவியாற்றுக் கரையோடு நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார்.

பிற்காலத்தில் யாழ்ப்பாணம் புகையிலையின் பெருந்தோட்டமாயிற்று. அதன் செம்மண்ணுக்கு வன்னிப் பெருநிலக் காட்டுக் குழை உரமானது. 1930களில் இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் கிளிநொச்சியில் குடியேறிய யாழ்ப்பாணத்து உழவரோடு சுருட்டும் வந்தது. குடிலில் பொச்சுமட்டைப் புகையூட்டிய இலையின் நடுநரம்பைக் கிழித்தெடுத்து, கோடா என்னும் கரைசல் தடவிப் பதப்படுத்தி, பலகையில் உருட்டினால் கறுத்துப் பளபளக்கும் சுருட்டு தயார்.

சுருட்டுக் குடிப்பவர் புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் நிறுத்தி விட்டுவிடுவார். ஆகவே தீங்கில்லை என்று நம்பினார்கள். இது பெரும் பிழை. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. அதிலுள்ள நிக்கொட்டின் கன்னத்துச் சவ்வினூடாகவே இரத்தத்தில் சேரும். பல்வலிக்குப் புகையிலைத் துண்டை அடக்கிவைத்தவர்களும் மருந்தென்று நஞ்சையே வைத்தார்கள். புகையிலை சேராத வெற்றிலை-பாக்குக் கலவையும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் அறிவித்தது. இலங்கை ஆண்களிடம் முன்னணியில் நிற்பது வாய்ப்புற்றுநோய்.

உக்காவின் கதையிலும் இதே பிழைதான் அடித்தளம். 1604ஐ ஒட்டி முகலாயத் தூதர் அசாத் பேக் பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்குப் புகையிலை கொண்டுவந்தபோது வைத்தியர் எதிர்த்தார். புகையை நீரினூடே இழுத்தால் கேடு நீங்கும் என்று அரண்மனை வைத்தியர் ஒருவர் வழி சொன்னதாக மரபுக்கதை உண்டு. உண்மையில் நீர் புகையைக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். தொண்டை எரியாததால் இழுப்பு ஆழமாகிறது, நேரமும் நீள்கிறது. ஒரு மணிநேர உக்காவில் ஒரு சிகரட்டைப் போல 100 முதல் 200 மடங்கு கனவளவு புகை உள்ளே போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் எச்சரித்தது. மேலே எரியும் கரித்துண்டு காபனோரொட்சைட்டைத் தருகிறது. ஒரே வாய்க்குழாய் கைமாறும்போது காசநோய்க் கிருமியும் கைமாறக்கூடும்.

1990களில் அரபு நாடுகளிலிருந்து பரவிய பழவாசனை உக்காவான ஷீஷா, வன்னியிலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் வாழும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போயிற்று. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைத் தடுத்தது. 2016 செப்டெம்பரில் மெல்லும் புகையிலைப் பொருட்களும் தடையாயின. அதே ஆண்டு ஏப்ரலில் ரொறன்ரோ மாநகரசபை உரிமம் பெற்ற கடைகளில் உக்காவை நிறுத்தியது. புகையிலை கலவாத உக்காவுக்கும் அத்தடை பொருந்தும். கரி அதிலும் எரிகிறது.