வெயிலுக்கு ஒரு பூட்ஸ்

1872-ம் வருஷம். இன்றைக்கு ஜிம்பாப்வே என்கிறோமே, அந்தப் பிரதேசத்தில் மட்டபெலே மக்களின் ராஜா லொபெங்குலா. அவர் முன்னால் ஓர் இங்கிலீஷ்காரப் பையன் வந்து நின்றான். வயது இருபது. யானை வேட்டைக்குப் போக அனுமதி வேண்டும் என்றான்.

ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ‘யானையா? சின்ன மான் குட்டி ஏதாவது கேட்க வந்து வாய் தவறிச் சொல்லிவிட்டாயா?’ என்கிற ரீதியில் கிண்டலடித்துவிட்டு, சரி, போய்த் தொலை என்று அனுப்பிவைத்தார்.

பையன் பெயர் ஃபிரெடரிக் கோர்ட்னி செலூஸ். அடுத்த மூன்று வேட்டைப் பருவங்களில் 78 யானைகளைச் சுட்டான். இன்று இந்தக் கணக்கைப் படித்தால் நமக்குப் பெருமை வராது, வயிற்றைத்தான் கலக்கும். ஆனால், அந்தக் கணக்கில் இன்னொரு விவரம் ஒளிந்திருக்கிறது. 78-ல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே நடந்தே போய்ச் சுட்டவை. குதிரை கிடையாது.

ஏன் கிடையாது? எல்லாம் ஓர் ஈ செய்த வேலை. செட்சி ஈ. மனிதனுக்குத் தூக்க வியாதி, குதிரைக்கும் மாட்டுக்கும் ‘நகானா’ என்கிற வியாதி. கடித்தால் குதிரை சில வாரங்களில் எலும்பும் தோலுமாகிச் சாகும். யானைகள் இருந்ததோ அந்த ஈ ஆட்சி செய்கிற காடுகளில். ஆகவே, யானை வேண்டுமென்றால் நட. இல்லை, ஓடு. அதுவும் ஆப்பிரிக்க வெயிலில், முள்ளும் மணலும் சூட்டுப் பாறையுமாக, கையில் பீரங்கிக்குத் தம்பி மாதிரி ஒரு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு.

அப்படி ஓடியவர் என்ன உடுத்தியிருந்தார் தெரியுமா? தலையில் தொப்பி, முரட்டுத் துணியில் ஒரு சட்டை, இடுப்பில் பெல்ட். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பாதத்தில் மட்டும் மெத்தென்று ஒரு ஜோடி தோல் ஷூ. ‘வெல்ஸ்கூன்’.

இந்தக் கட்டுரையின் கதாநாயகன் செலூஸ் இல்லை. அந்த ஷூதான்.

‘வெல்’ என்றால் டச்சு மொழியில் தோல். ‘ஸ்கூன்’ என்றால் ஷூ. தோல் ஷூ. அவ்வளவுதான் அர்த்தம். பின்னால் வந்த இங்கிலீஷ்காரர்கள் ‘வெல்ட்’, அதாவது புல்வெளி என்று காதில் வாங்கிக்கொண்டு, புல்வெளி ஷூ ஆக்கிவிட்டார்கள். கேட்க அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

1652-ல் டச்சு கிழக்கிந்திய கம்பெனி ஆப்பிரிக்காவின் தென்முனையில் இறங்கியது. ஆசியாவுக்குப் போகிற, திரும்புகிற கப்பல்களுக்குக் காய்கறி, தண்ணீர், கறி கொடுக்க ஒரு ஸ்டேஷன். அவ்வளவுதான் திட்டம். வந்தவர்கள் போட்டிருந்த ஷூக்கள் ஹாலந்தின் ஈரத் தெருக்களுக்குத் தைத்தவை. அந்த மண்ணிலும் வெயிலிலும் பல்லிளித்தன. புது ஜோடி வேண்டுமென்றால் கப்பல் வரவேண்டும். கப்பல் வர மாதக்கணக்கில் ஆகும்.

அங்கே ஏற்கெனவே கொய்கொய் மக்கள் இருந்தார்கள். ஆடு மாடு மேய்க்கிறவர்கள். தோல் வேலை அவர்களுக்குக் கைவந்த கலை. அவர்கள் காலுக்குத் தைத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் குடியேறிகள் கற்றுக்கொண்டார்கள். அதில் ஐரோப்பியத் தையலையும் கொஞ்சம் கலந்தார்கள். வெல்ஸ்கூன் பிறந்தது.

கற்றுக்கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? மேய்ச்சல் நிலம் போயிற்று. சண்டை போட்டுப் பார்த்தார்கள், மாடுகளும் போயின. 1713-ல் கப்பலில் வந்த அழுக்குத் துணி வழியாகப் பெரியம்மை பரவிக் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். மிஞ்சியவர்களில் பலர் வெள்ளைக்காரர்களின் பண்ணைகளில் கூலிகள். ஷூ மட்டும் பிழைத்துக்கொண்டு, போயர்களின் தேசியச் சின்னம் ஆகிவிட்டது. 1830-களில் போயர்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிய அந்தப் பெரும் பயணத்திலும் காலில் அதுதான்.

சரி, அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு சாதாரண பூட்ஸை எடுத்துப் பாருங்கள். மேல் தோலை உள்பக்கமாக மடித்து சோலுக்கு அடியில் கொண்டுபோய் ஒட்டியிருப்பார்கள், அல்லது ஆணி அடித்திருப்பார்கள். வெல்ஸ்கூன் தலைகீழ். மேல் தோலை வெளிப்பக்கமாக, பாவாடை விளிம்பு மாதிரி விரித்து, அப்படியே சோலோடு சேர்த்துச் சுற்றிலும் ஒரே தையல். ஆணி கிடையாது. உள்ளே லைனிங் கிடையாது. ஒற்றைத் தோல். அதனால் என்ன லாபம்?

முதலாவது, வியர்வை. நம் இரண்டு பாதங்களிலும் சேர்த்து சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள். லைனிங், அதற்கு மேல் ஸ்பாஞ்ச், அதற்கு மேல் இன்னொரு துணி என்று அடுக்கினால் அந்த ஈரம் எங்கே போகும்? உள்ளேயே ஊறும். ஊறின தோல் உரியும். கொப்புளம் வரும். ஒற்றைத் தோலாக இருந்தால் ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். ஆற்றில் நனைந்தாலும் நடக்க நடக்கக் காய்ந்துவிடும்.

அடுத்தது, சத்தம். மெல்லிய சோல் என்பதால் காலடியில் சுள்ளி இருப்பது பாதத்துக்குத் தெரியும். உடையும் முன் காலை எடுத்துவிடலாம். யானைக்குப் பக்கத்தில் போகிறவனுக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறென்ன?

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பி.காம். படித்தவன் புத்தி வேறெங்கே போகும்? அக்கவுன்ட்ஸில் ‘தேய்மானம்’ என்று ஒரு கணக்கு உண்டு. வெல்ஸ்கூனில் தேய்மானம் சோலுக்கு மட்டும்தான். தையலைப் பிரித்து, புது சோலை வைத்து, அதே விளிம்பில் திரும்பத் தைத்துவிடலாம். மேல் தோல் பாட்டுக்கு வருஷக்கணக்கில் உழைக்கும். இன்றைக்கு நாம் வாங்குகிற பல ‘ட்ரெக்கிங் ஷூ’க்களில் சோலை பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பிய்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதற்கு நேர் எதிர்க் கட்சி, பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸ். தடித்த தோல், அடியில் வரிசை வரிசையாக ஆணிக் கொண்டை, குதிகாலில் இரும்பு லாடம். அணிவகுப்பில் ‘டக் டக்’ என்று கேட்கப் பிரமாதமாக இருக்கும். சூட்டு மணலில் ஆணி கொதிக்கும், பாறையில் வழுக்கும், அரை மைலுக்கு முன்பே ஆள் வருவதைச் சொல்லிவிடும்.

இந்த பூட்ஸுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. முதல் உலகப்போரில் (1914-18) பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்பாகத்துக்கு வேண்டிய தோல் பெரிய அளவில் சென்னை மாகாணத்திலிருந்து போனது. நம்ம ஊர் மாட்டுத் தோல், நம்ம ஊர் ஆவாரம்பட்டையில் பதனிட்டது. தேவை எகிறி, கடைசியில் அரசாங்கமே அந்த வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, 1903 வாக்கில், ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்கிற அதிகாரி சென்னையில் குரோம் உப்பு வைத்துப் பதனிடும் சோதனையை ஆரம்பித்திருந்தார். குரோம் தோல் தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் அழுகாது. அவர் அதில் முதலில் பூட்ஸா செய்தார்? கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைச் சால் செய்து விவசாயிகளிடம் விற்கப் பார்த்தார். விவரமான மனிதர்.

இனி, 1941. பர்மா.

நேதன் கிளார்க் என்கிற இளம் பிரிட்டிஷ் அதிகாரி அங்கே வருகிறார். சப்ளை பிரிவு. இவருடைய குடும்பம் இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் ‘ஸ்ட்ரீட்’ என்கிற ஊரில் 1825-லிருந்து செருப்புத் தொழில் செய்கிற குடும்பம். ‘கிளார்க்ஸ்’ கம்பெனி. குவேக்கர்கள். யுத்தமே பாவம் என்று நினைக்கிற மதப்பிரிவு. பிள்ளை யுத்தத்துக்கு வந்துவிட்டார், ஆனால் கண் மட்டும் எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பாலைவனப் போர்முனையிலிருந்து வந்த சில அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் ஒரு விநோத பூட்ஸ் போட்டிருந்தார்கள். கணுக்கால் உயரம், சொரசொரப்பான ஸ்வேட் தோல், இரண்டு ஜோடி ஓட்டை, ரப்பர் பாலிலிருந்து செய்த க்ரேப் சோல். விசாரித்தால், கெய்ரோ கடைத்தெருவில் தைத்தது என்றார்கள். கெய்ரோவுக்கு அந்த டிசைன் எப்படிப் போனது? எகிப்தில் பிரிட்டனோடு சேர்ந்து போரிட்ட தென் ஆப்பிரிக்க வீரர்கள் காலில் ஏறிப் போனது. ஆமாம், நம்ம வெல்ஸ்கூன்தான்.

நேதன் படம் வரைந்து, மாதிரி வெட்டி, அண்ணன் பான்க்ராஃப்ட்டுக்கு அனுப்பினார். ஊரில் யாரும் சட்டை செய்யவில்லை. போர் முடிந்து திரும்பியவர் தானே உட்கார்ந்து மாதிரிகள் செய்தார். ‘இதெல்லாம் விற்காதுப்பா’ என்றது கம்பெனி. அவர் விடவில்லை. 1949-ல் சிகாகோ ஷூ கண்காட்சிக்குக் கொண்டுபோனார். ‘எஸ்கொயர்’ பத்திரிகையின் ஃபேஷன் ஆசிரியர் கண்ணில் பட்டது. பத்திரிகையில் வண்ணப் படத்தோடு வந்தது. 1950-ல் ‘டெசர்ட் பூட்’ விற்பனைக்கு வந்து, கம்பெனியின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. நேதன் 2011-ல் தன் 94-வது வயதில் காலமானார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘டெசர்ட் பூட்’ என்று பெயர் இருப்பதால் அதைப் போட்டுக்கொண்டு மே மாதத்தில் மலையேறக் கிளம்பிவிடாதீர்கள். க்ரேப் சோல் சூட்டில் இளகும், பொடிக்கல்லைப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தில் வழுக்கும். காபி ஷாப்புக்கு ஓகே.

இதுவரை சொன்னது எல்லாம் காய்ந்த பூமி. வெயிலோடு ஈரமும் சேர்ந்தால்?

வியட்நாமில் அமெரிக்கர்களுக்கு வந்த தலைவலி அது. ஆரம்பத்தில் போட்டுக்கொண்டு போன முழுத்தோல் பூட்ஸ்கள் காட்டு ஈரத்தில் அழுகின. உள்ளே போன தண்ணீர் வெளியே வரவில்லை. இத்தனைக்கும் இந்தப் பாடத்தை அவர்கள் ஏற்கெனவே படித்தவர்கள். 1942-ல் க்ரெசன் கியர்னி என்கிற கேப்டன் பனாமா காடுகளில் சோதித்துப் பார்த்துக் கண்டுகொண்ட உண்மை அது. காட்டில் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கவே முடியாது. தடுக்கிற முயற்சியை விடு, வந்த தண்ணீர் வெளியே போக வழி செய். கான்வாஸ் மேல்பாகம், ரப்பர் சோல், உள்ளே காற்றோட்டத்துக்குப் பிளாஸ்டிக் வலை. போர் முடிந்ததும் அந்த அக்கறையும் ஆறிப்போனது.

வியட்நாமுக்காக அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். இந்த முறை முன்பக்கமும் குதிகாலும் தோல், மேலே துணி, பாதத்தின் உள்வளைவுப் பக்கம் தண்ணீர் வெளியேற இரண்டு சின்ன ஓட்டை. சேற்றைத் தானே உதறித் தள்ளுகிற ‘பனாமா சோல்’ பின்னால் சேர்ந்தது. வியட்காங் குழி தோண்டிக் கூர்மூங்கிலை நட்டுவைத்தார்கள். மிதித்தால் சாதாரண சோலைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். 1966 வாக்கில் சோலுக்குள் இரும்புத் தகடு வைத்தார்கள்.

இவ்வளவு செய்தும் மீகாங் டெல்டாவின் வயல்களில் தோற்றுப்போனார்கள். நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீர். பாதம் வெளுத்து, வீங்கி, தோல் உரிந்து, படைவீரர்கள் மருத்துவமனையில் குவிந்தார்கள். கடைசியில் 9-வது காலாட்படைப் பிரிவு ஒரு விதி போட்டது. 48 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வயலில் இருக்கக்கூடாது, அப்புறம் கால் காயவேண்டும். உலகத்தின் பணக்கார ராணுவத்துக்கு டைம்டேபிள் போட்டது ஜெனரல் இல்லை, பாதத்தின் தோல்!

எதிரில் இருந்தவர்கள் காலில் என்ன? பழைய லாரி டயரை அறுத்து, டியூபில் வார் வைத்த செருப்பு. நம் கிராமங்களில் டயர் செருப்பு என்போமே, அதேதான். தண்ணீர் தங்க அதில் இடமே இல்லை. கரையேறினால் ஐந்து நிமிஷத்தில் கால் காய்ந்துவிடும்.

ஆக, நீங்கள் ஜவ்வாது மலைக்கோ ராஜஸ்தானுக்கோ வெயிலில் நடக்கக் கிளம்புகிறவர் என்றால், கடைக்காரர் ‘சார், வாட்டர்ப்ரூஃப்’ என்று காட்டுகிற ஜோடியைச் சந்தேகத்தோடு பாருங்கள். வெளித் தண்ணீரைத் தடுக்கிற அந்தச் சவ்வு, வெயிலில் உங்கள் வியர்வையை வெளியே விடத் திணறும். குளிருக்கும் பனிக்கும் அது சரி. உங்களுக்கு வேண்டியது லைனிங் இல்லாத, கெட்டியான ஒற்றைத் தோல், சுற்றித் தைத்த சோல். வயல், ஓடை என்று போவதானால் ஓட்டை உள்ளது. சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த கால் வீங்கியிருக்கும், வெயிலில் நடக்கும்போதும் அப்படித்தான் வீங்கும். காட்டன் சாக்ஸ் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளி சாக்ஸ் தேவலை. வெயிலுக்குக் கம்பளியா என்று சிரிக்காதீர்கள், போட்டுப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள். வாங்கிய மறுநாளே மலைக்குக் கிளம்பாமல், இரண்டு வாரம் தெருமுனைக் கடைக்குப் போட்டுக்கொண்டு போய் வாருங்கள். தோல் உங்கள் காலைப் படித்துக்கொள்ளட்டும்.

தென் ஆப்பிரிக்காவில் செடர்பெர்க் மலைக்குள் வுப்பர்தால் என்று ஒரு குட்டி ஊர். 1830-ல் ஜெர்மன் மிஷனரிகள் ஆரம்பித்தது. கொய்கொய் வம்சாவளியினர் பலர் வாழ்கிற ஊர். பாதிரியார்கள் அங்கே தோல் பதனிடவும் ஷூ தைக்கவும் பட்டறை போட்டார்கள். வெல்ஸ்கூன்தான் அதன் சரக்கு. 2018 டிசம்பர் கடைசியில் அந்த ஊரில் தீ பிடித்தது. கூரை வேய்ந்த பழைய வீடுகள், ஐம்பதுக்கும் மேல், ஒரே நாளில் சாம்பல். தேவாலயம் தப்பியது. மறுபடி சுவர் எழுப்பினார்கள்.