கொக்குவிலில் பின்னிய தலைப்பட்டி

நீளம் 50 செ.மீ., அகலம் 10 செ.மீ., நிறை 60 கிராமுக்குக் கிட்ட. கடும் நீல நிறம். நடுவில் இரண்டு புரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடந்து ஓடும் வடம். இரு கரையிலும் தட்டையான பின்னல். தலையைச் சுற்றிக் காதுகளை மூடும் கம்பளிப் பட்டி இது. பின்னியவர் என் சின்னம்மா. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் அவர் வீடு. பட்டி இப்போது இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில். அவருடைய பெறாமகள், அதாவது என் தங்கை, அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். கம்பளி தேவைப்படாத ஊரில் உருவாகி, கம்பளி இல்லாமல் வாசல் தாண்ட முடியாத ஊருக்குப் போய்ச் சேர்ந்த இந்தப் பொருளின் கதையை நூலிலிருந்தே தொடங்க வேண்டும்.

நூல் மெரினோ ஆட்டினுடையது. ஸ்பெயினில் பேர்பெற்ற இந்த இன ஆடுகள் 1797இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரைக்குக் கொண்டுபோகப்பட்டன. பிறகு உலகத்தின் மென்கம்பளிக்கு அந்த நாடே தலைவாசல் ஆயிற்று. மெரினோ மயிர் 24 மைக்ரோனுக்கும் குறைந்த தடிப்புள்ளது, அதனால் காதிலும் நெற்றியிலும் உறுத்தாது. ஒவ்வொரு மயிரும் இயல்பாகவே சுருண்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் தங்கும் காற்றுத்தான் சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பது. தன் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் கம்பளி நனைந்ததுபோலத் தோன்றாது. பனியும் வியர்வையும் ஒன்றாகச் சேரும் இடத்தில் இந்தக் குணம் பெரிது.

யாழ்ப்பாணத்துக் கடைகளில் உல்லன் என்று கேட்டால் பொதுவாக எடுத்துத் தருவது அக்ரிலிக் நூலைத்தான். 1950இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த செயற்கை இழையின் வழிவந்தது அது. மலிவு, நிறம் போகாது, பூச்சி அரிக்காது. ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் இளகித் தொய்ந்துவிடும். குளிர்நாட்டில் உடம்போடு ஒட்டிக் கிடக்கப்போகும் உடுப்புக்கு அது போதாது என்று என் தங்கையே ரொறன்ரோவில் மெரினோ நூல் வாங்கினாள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். நூல் உருண்டையைச் சின்னம்மா பிஸ்கற் தகரத்துக்குள் உலர்ந்த வேப்பிலையோடு மூடி வைத்தார். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிக்கு எங்கள் வீடுகளில் பழைய காவல் அது.

என்ன பின்ன வேண்டும் என்பதும் அளவும் பிறகு தொலைபேசியில் வந்தன.

“சின்னம்மா, தொப்பி போட்டா கொண்டை நசியுது. காது மட்டும் மூடுற மாதிரி ஒண்டு பின்னித் தருவீங்களோ?”

“அதுக்கென்ன பிள்ளை. நெத்தியில இருந்து காதுக்கு மேலால ஒரு நூலைப் பிடிச்சுச் சுத்தி அளந்து சொல்லு. இறுக்கிப் பிடிக்காத.”

அளவு 56 செ.மீ. வந்தது. பட்டியைச் சின்னம்மா 50 செ.மீ. என்று முடிவு செய்தார். கம்பளி இழுபடும்; தலைச்சுற்றளவுக்குச் சரியாகப் பின்னினால் சில நாட்களில் தொய்ந்து கண்ணுக்குமேல் இறங்கிவிடும்.

கைவேலை எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பள்ளிக்கூட வழியாக வந்தது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிகள், 1824இல் கொக்குவிலுக்கு வடக்கே சில கிலோமீற்றரில் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். எழுத்தும் வாசிப்பும் போலத் தையலும் அங்கே பாடம். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி நிறுவினார். தலைமுறை தலைமுறையாக ஊசியும் நூலும் பள்ளிக்கூடத்திலிருந்து விறாந்தைக்கு வந்தன. மேசைவிரிப்பின் கரை, பால்கிண்ணத்து மூடி, குழந்தையின் காலுறை என்று வீட்டுக்கு வீடு குரோஷே இருந்தது. சின்னம்மா கற்றதும் மனையியல் வகுப்பில்தான். இந்தப் பட்டியைப் போட்ட துனீசியக் குரோஷே முறை மட்டும் பிற்காலத்தில், கைத்தொலைபேசிக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகியது.

சாதாரணக் குரோஷேயில் ஊசியில் நிற்பது ஒரு கண்ணி. அதை முடித்த பிறகே அடுத்தது. இரண்டு கம்பிகளால் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் கம்பியில் திறந்தபடி கிடக்கும். துனீசியக் குரோஷே இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. போகும் வரிசையில் வலமிருந்து இடமாகக் கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்து எல்லாவற்றையும் ஊசியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். திரும்பும் வரிசையில் நூலை வளைத்து இழுத்து, முதலில் ஒரு கண்ணி வழியாகவும் பிறகு இரண்டிரண்டாகவும் கழற்றிக்கொண்டு வர வேண்டும். கடைசியில் ஊசியில் ஒன்றே மிஞ்சும். துணியைத் திருப்புவதே இல்லை. நூல் போகவும் வரவும் ஓடுவதால் துணி தடிப்பாக வரும். காற்று எளிதில் ஊடுருவாது. நூலும் கூடச் செல்லும்.

துனீசியாவின் பெயரைச் சுமந்தாலும், இந்த முறை அச்சில் பரவியது 1850களின் இறுதியில் ஐரோப்பியக் கைவேலைப் பத்திரிகைகள் வழியாக. விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் 1858இல் பிரஷ்ய இளவரசர் பிரெடெரிக் வில்லியத்தை மணந்தபின், அந்த இளவரசியின் பட்டப்பெயராலும் இங்கிலாந்தில் இது வழங்கியது. தெரேஸ் டி டில்மோன் 1886இல் வெளியிட்ட கைவேலைக் கலைக்களஞ்சியத்திலும் இதற்கு இடமுண்டு. பட்டியின் நடுவில் ஓடும் வடமோ வேறு கரையிலிருந்து வந்தது. அயர்லாந்தின் மேற்கே ஆரன் தீவுகளில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உருப்பெற்ற கம்பளிச் சட்டைகள்தான் வடப்பின்னலை உலகறியச் செய்தன. அது இரண்டு கம்பிப் பின்னலுக்குரிய வேலை. அதைத் துனீசியக் குரோஷேக்குள் கொண்டுவந்தது பிற்காலத்துக் கைகாரரின் சாதனை.

இதற்கென்று விற்கும் ஊசி நீளமானது. கண்ணிகள் வழுகி விழாதபடி வால்முனையில் குமிழ் இருக்கும். சின்னம்மாவிடம் அப்படியொன்று இல்லை. 6 மி.மீ. தடிப்புள்ள சாதாரண அலுமினியக் குரோஷே ஊசி ஒன்று இருந்தது. அதன் வால்பக்கத்தில் இறப்பர் பட்டியை நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கினார். குமிழ் தயார். பட்டியின் அகலத்துக்கு 18 கண்ணிகள்தான் என்பதால் அந்த ஊசியின் நீளமே போதுமாக இருந்தது.

அந்தப் 18ஐயும் அவர் பங்கிட்ட விதத்தில் பட்டியின் இலட்சணமே அடங்கியிருக்கிறது. நடுவில் ஆறு கண்ணிகள் வடத்துக்கு. அதன் இரு பக்கமும் இரண்டிரண்டு கண்ணிகள் நூலை முன்னால் வைத்து எடுக்கும் குழிவான பின்னல். குழிவு பக்கத்தில் இருந்தால்தான் வடம் எழும்பித் தெரியும். அதற்கும் அப்பால் மூன்று மூன்று கண்ணிகள் எளிய பின்னல். கடைசியில் கரைக்கு ஒவ்வொன்று.

வடம் கடக்கும் வரிசைதான் கைத்திறனைக் கேட்பது. வடத்தின் முதல் கண்ணிக்கு வந்ததும் சின்னம்மா ஊசியை ஒரு கணம் நிறுத்துவார். முதல் மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதன் இரண்டு நிமிர்ந்த இழைகளுக்கு நடுவே ஊசியைக் குத்திப் பின்பக்கத்தால் நூலை எடுப்பார். பிறகு ஐந்து, ஆறு. இந்த மூன்றையும் வழக்கத்தைவிடச் சற்று உயரமாக இழுத்து விடுவார். பிறகு ஊசியை அவற்றுக்கு முன்னால் கொண்டுபோய், விட்டுவந்த ஒன்று, இரண்டு, மூன்றை எடுப்பார். ஊசியில் இப்போது வரிசை நாலு, ஐந்து, ஆறு, ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பும் வரிசையில் அவை அப்படியே, இடம்மாறிய ஒழுங்கிலேயே கழன்று வரும். முன்னால் வந்த மூன்றும் வடத்தின் மேற்புரி, பின்னால் போன மூன்றும் கீழ்ப்புரி. ஊசியை முன்னால் கொண்டுபோகாமல் பின்னால் கொண்டுபோனால் வடம் மறுபக்கம் சாயும். ஒரே பட்டியில் திசையை மாற்றாமல் இருப்பது முக்கியம்.

கம்பிப் பின்னலில் இதே வேலைக்குத் தனியாக ஒரு குட்டிக் கம்பி வேண்டும். அங்கே கண்ணிகள் திறந்தவை. கையை விட்டால் இழை இறங்கிப்போகும். துனீசிய முறையில் கீழ்வரிசை ஏற்கெனவே திரும்பும் வரிசையால் மூடப்பட்டுவிட்டது. விட்டுவைத்த கண்ணி எங்கும் ஓடாது. அதனால்தான் கூடுதல் கருவி ஏதுமின்றி வடம் போட முடிகிறது. ஆனால் இழுப்பு கூடினால் கடக்கும் இடம் சுருங்கிப் பட்டி இடுப்பொடிந்து நிற்கும். குறைந்தால் கண்ணிகளுக்கு நடுவே ஓட்டை விழும். எவ்வளவு உயரம் இழுப்பது என்பதை எந்த மாதிரித்தாளாலும் சொல்ல முடியாது. சின்னம்மா பெருவிரலை வடத்தின்மேல் வைத்து மெல்ல உருட்டிப் பார்ப்பார். புரி விரலுக்குக் கீழே அசைந்து கொடுத்தால் சரி. கல்லாக நின்றால் அந்த வரிசையைக் கழற்றுவார். ஆறு வரிசைக்கு ஒரு தடவை இந்தக் கடத்தல். பட்டி முழுவதற்கும் ஏறத்தாழ பன்னிரண்டு.

கொக்குவிலின் வெக்கையில் கம்பளி பின்னுவதே ஒரு பாடு. கை வியர்த்தால் நூல் அலுமினியத்தில் ஒட்டி இழுபடும். விடியற்காலையிலும் இருட்டின பிறகும் மட்டுமே அவர் ஊசியை எடுத்தார். மடியில் வெள்ளைத் துவாய் விரிப்பார், சேலைச்சாயம் நூலில் ஏறாமல் இருக்க.

துனீசியக் குரோஷேக்குச் சுருளும் குணம் உண்டு. முடித்ததும் பட்டி கீழ்க்கரையிலிருந்து ஓலைபோலச் சுருண்டு கிடந்தது. திரும்பும் வரிசை பின்பக்கத்தில் நூலைத் திரட்டுவதால் வருவது அது. பெரிய ஊசியும் குழிவான கண்ணிகளும் பாதியைச் சரிசெய்யும். மீதியை நீர் செய்யும். பட்டியைக் குளிர்நீரில் ஊறவைத்து, பிழியாமல் துவாயில் ஒற்றி, கட்டில் மெத்தையில் குண்டூசி குத்தி விறைப்பாக விரித்தார். நிழலில் காய்ந்து எடுத்தபோது பட்டி படிந்திருந்தது. வடம் மட்டும் எழும்பி நின்றது. இரண்டு முனைகளையும் கண்ணிக்குக் கண்ணி பொருத்தித் தைத்து, நூல் நுனிகளைப் பின்பக்கத்தில் ஒளித்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு ஒரு பொருள் போகும் வழி எங்கள் எல்லோருக்கும் தெரியும்: ஆள் போகும்போது கொடுத்துவிடுவது. மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, இவற்றோடு பட்டியும் போனது. தூள்மணம் ஏறாமல் இருக்கப் பொலித்தீன் பையில் இரண்டு தரம் சுற்றிக் கட்டினார் சின்னம்மா. கொண்டுபோனவர் ரயிலில் கொழும்புக்குப் போய் விமானம் ஏறினார். போரால் அறுந்திருந்த வடக்குப் பாதையில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் ரயில் திரும்பி வந்தது. கொக்குவில் நிலையத்துக்கு மீண்டும் ரயில் வந்தது அந்த இரண்டாவது கட்டத்தில்தான். ஒரு காலத்தில் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போன வழி, இப்போது பிள்ளைகளுக்குப் பொருள் போகும் வழியாகவும் இருக்கிறது.

ஸ்காபரோவில் ஜனவரி மாதம் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவருக்குக் காது முதலில் மரத்துப்போகும். அதில் தசையும் கொழுப்பும் மிகக் குறைவு. மெல்லிய தோலுக்கடியில் குருத்தெலும்பு. காற்றோடு சேர்ந்த குளிர் உணர்வு –28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. தங்கை பட்டியைப் போட்டுப் படம் அனுப்பினாள். கொண்டை நசியவில்லை. வடம் சரியாக நெற்றிக்கு மேலே நின்றது.

அவளோடு வேலை செய்யும் சிலர் அதைக் கண்டு தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். விலை என்ன என்று சின்னம்மாவிடம் கேட்டோம். “நூல்காசு தந்தாக் காணும் பிள்ளை” என்றார். பட்டி இதுவரை கடந்துவந்த தூரம் முழுவதையும்விட இந்த ஒரு சொல் எனக்குப் பாரமாக இருக்கிறது.

இரண்டு கம்பிப் பின்னலைத் தொழிற்சாலை இயந்திரம் வேகமாகச் செய்துவிடும். குரோஷே அப்படியல்ல. கடையில் தொங்கும் எந்தக் குரோஷே உடுப்பையும் ஒரு மனிதக் கைதான் கண்ணி கண்ணியாகப் போட்டிருக்கும். தொழிற்சாலைகளில் அதைச் செய்யும் இயந்திரம் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. இந்தக் கைகளுக்கு எங்கும் குறைவான விலையே போடப்படுகிறது, அது பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொள்வதால். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது, குரோஷே ரேந்தை விற்ற காசில் குடும்பங்கள் உயிர் பிழைத்தன. யாரும் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை. எங்கள் கொக்குவிலே சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். சுருட்டுச் சுற்றியவர்களுக்கு எண்ணிக்கைக்குக் கூலி இருந்தது. கூலி குறைந்தால் கேட்கும் வழக்கமும் இருந்தது. விறாந்தையில் இருந்து பின்னும் பெண்ணின் வேலைக்கு மட்டும் கணக்கு எழுதப்படவில்லை.

போருக்குப் பிறகு வடக்கில் எத்தனையோ வீடுகளைப் பெண்களே தலையெடுத்து நடத்துகிறார்கள். தையலும் குரோஷேயும் தெரிந்த கைகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. நூலை அனுப்பவும் பொருளை எடுக்கவும் ஆட்கள் போய்வருகிறார்கள், வாங்குவதற்குக் குளிர்நாடுகளில் எங்கள் பிள்ளைகளே இருக்கிறார்கள். குறைவது விலை சொல்லும் துணிவு ஒன்றுதான். இப்படியொரு பட்டிக்குப் பழகிய கைக்கு ஏழெட்டு மணித்தியாலம் செல்லும். ஒரு நல்ல தையற்காரருக்கு ஊரில் ஒரு மணித்தியாலத்துக்கு என்ன கூலியோ அதை இந்த நேரத்தால் பெருக்கி முதலில் எழுத வேண்டும். அதற்குக் கீழே நூல்காசு, அதற்குக் கீழே அனுப்பும் செலவு. கேட்பவர் வெளிநாட்டில் இருக்கும் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் அந்தக் கணக்கைக் காட்டத்தான் வேண்டும். அன்பாகக் கொடுப்பது கொடுப்பவரின் விருப்பம். ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்துதான் கொடுக்க வேண்டும். வாங்குபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பட்டிக்கு நாங்கள் அப்படித்தான் விலை எழுதப்போகிறோம்.