வாயில் வைக்கக்கூடிய குழந்தை இயேசு

“தொடாத, உடைஞ்சிடும்!”

டிசம்பரில் குடில் வைக்கிற வீட்டுக்குப் போனால் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இது காதில் விழும். எங்கள் வீட்டுக் குடில் பொம்மைகள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மூன்று ராஜாக்களில் ஒருவருக்குக் கை கிடையாது; சின்ன வயசில் நான் செய்த வேலை அது. போன கிறிஸ்துமஸுக்கு அக்கா மகள், ஒன்றரை வயசு, குழந்தை இயேசுவை எடுத்து நேரே வாயில் வைத்துவிட்டாள். விரலை விட்டு வெளியே எடுத்தபோது ஒரு காலைக் காணோம். நாலு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் பாயோரத்தில் கிடைத்தது. அன்றைக்கே அம்மா குடிலைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். அக்கா ஒரு வாரம் கழித்து நிட்டிங் ஊசிகளையும் நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் பின்னிக்கொண்டிருந்த மாதங்களில்தான் குடிலின் கதையை நான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. எண்ணூறு வருஷமாக இந்தப் பொம்மைகளைச் சுற்றி நடப்பது ஒரே வழக்குதான்: இந்தக் குழந்தையைப் பார்க்க மட்டும் வேண்டுமா, தொடவும் செய்யலாமா?

*

வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்கம் 1223. இத்தாலியில் கிரெச்சோ என்ற மலைக் கிராமம். அசிசியின் பிரான்சிஸ் அங்கே கிறிஸ்துமஸ் இரவில் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, மாடும் கழுதையும் கொண்டுவரச் சொன்னார். பெத்லகேமில் அந்தக் குழந்தை பட்ட சிரமத்தைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சில வருஷங்களிலேயே அவர் வாழ்க்கையை எழுதிய செலானோவின் தாமஸ், அங்கே மரியாவாகவோ யோசேப்பாகவோ யாரும் நின்றதாகச் சொல்லவில்லை. தொட்டியில் உயிரற்றுக் கிடந்த ஒரு குழந்தையை பிரான்சிஸ் போய் எழுப்பியது போல ஒருவருக்குக் காட்சி கிடைத்தது என்று மட்டும் எழுதுகிறார். அந்த வைக்கோலை ஜனங்கள் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அதாவது, முதல் குடிலில் கைக்குக் கிடைத்தது வைக்கோல்தான்.

சுமார் 1291இல் ஆர்னல்ஃபோ டி காம்பியோ ரோமின் சாந்தா மரியா மஜோரே தேவாலயத்துக்காகக் கல்லில் உருவங்கள் செதுக்கினார். அழகானவை, ஆனால் கல். குழந்தை கையில் எடுத்துக் கொஞ்சுகிற பொருள் இல்லை.

தொட விரும்பியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ஜெர்மனியில் மரியா மெடிங்கன் மடத்தில் மார்கரேத்தா எப்னர் என்ற டொமினிக்கன் துறவி. 1344இல் வியன்னாவிலிருந்து அவருக்கு ஒரு தொட்டிலும் அதில் கிடத்த ஒரு குழந்தை இயேசு உருவமும் வந்தன. அந்தக் குழந்தை தன்னைத் தூக்கச் சொல்லிக் கேட்டதாக, அதை எடுத்து நெஞ்சோடு அணைத்ததாக, பால் கொடுத்ததாகவே எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்குப் படித்தால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. 15ஆம் நூற்றாண்டில் லூவன் நகரத்துப் பெண்கள் சமூகம் ஒன்றில் இருந்த, மணிகள் தொங்கும் குட்டித் தொட்டில் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆட்டினால் மணி ஒலிக்கும். சொந்தப் பிள்ளை இல்லாத பெண்கள் தெய்வத்தைத் தாலாட்டிய கருவி. இன்று அதற்கும் கண்ணாடிப் பெட்டி.

*

தொடக்கூடாத குடிலின் உச்சம் 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ். மன்னர் சார்லஸ் 1734இல் ஆட்சிக்கு வந்தபின் அங்கே குடில் ஒரு அரண்மனைப் பைத்தியமாகவே ஆனது. சுட்ட களிமண் தலை, கண்ணாடிக் கண், மரத்தில் செதுக்கிய கைகால், அசல் பட்டு உடை. மீன் விற்பவர், விருந்துச் சாப்பாடு, காய்கறிக் கூடை என்று நேப்பிள்ஸ் தெருவே பெத்லகேமாகிவிடும். குழந்தை எங்கே என்று தேட வேண்டும்!

ஆனால் அந்தப் பட்டை விலக்கிப் பார்த்தால் உள்ளே கம்பியும், அதன் மேல் சுற்றிய சணல் நாரும்தான். அதனால்தான் விரும்பிய நிலையில் அவற்றை வளைக்க முடிந்தது. ராஜ வீட்டு பொம்மைக்கும் உடம்பு மெத்தென்றுதான் இருந்தது. வெளியே தெரிகிற இடம் மட்டும் கெட்டி.

பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலயங்கள் மூடப்பட்டபோது, குடில் வீட்டுக்குள் வந்தது. மார்செய் நகரத்து ழான்-லூயி லன்யேல் பிளாஸ்டர் அச்சு செய்து களிமண் பொம்மைகளைச் சுலபமாக, மலிவாக வார்த்தார். ‘சான்தோன்’, அதாவது குட்டிப் புனிதர். 1803 முதல் அவற்றுக்கென்றே அங்கே சந்தை நடக்கிறது. ரொட்டிக்காரர், சாணை பிடிப்பவர், நூல் நூற்கிற கிழவி எல்லாரும் அதில் உண்டு. ஏழை வீட்டுக்கும் குடில் கிடைத்தது. ஒரே குறை: அந்தக் காலத்து சான்தோன்கள் சுடாத களிமண். எச்சில் பட்டால் போச்சு.

*

இந்தக் கதையில் பின்னல் எங்கே வருகிறது? எதிர்பாராத இடத்தில். ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் புக்ஸ்டஹூட பலிபீட ஓவியம், சுமார் 1400. மாஸ்டர் பெர்ட்ராமின் பட்டறையோடு சேர்த்துப் பேசப்படுவது. அதில் மரியா உட்கார்ந்து நான்கு ஊசிகளில் சின்னச் சட்டை ஒன்றைப் பின்னுகிறாள். கழுத்துப் பகுதி முடியப்போகிறது. பக்கத்தில் மகன் புத்தகத்தோடு இருக்கிறான். அருகே ஒரு பம்பரம். எதிரே தேவதூதர்கள் சிலுவையோடும் ஈட்டியோடும் நிற்கிறார்கள். தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னிய அந்தச் சட்டைதான் பிறகு சிலுவையடியில் வீரர்கள் சீட்டுப் போட்டு எடுத்த அங்கி என்பது குறிப்பு. பிள்ளைக்கு வரப்போகிற ஆபத்து வாசலில் நிற்கிறது, அம்மா பின்னிக்கொண்டிருக்கிறாள்.

அக்காவும் அதே மாதிரி நான்கு ஊசியில்தான் பின்னினாள். காரணம் இறையியல் இல்லை. தலையைத் தனியாகப் பின்னித் தைத்தால், இழுத்து இழுத்து ஒருநாள் பிய்ந்துவரும். தலையும் உடம்பும் ஒரே பின்னலாக இருந்தால் பிய்க்க ஒன்றுமில்லை.

20ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பெண்கள் பத்திரிகைகள் பின்னல் பேட்டர்ன்களை வீடு வீடாகக் கொண்டுபோயின. பொம்மைப் பேட்டர்ன்களும் அதில் அடக்கம். ஃபியோனா கோபிளின் ‘நிட்டிவிட்டி’ போல, பின்னல் குடிலுக்கென்றே புத்தகங்கள் பிறகு வந்தன. ஆனால் ‘பின்னியது’ என்பதாலேயே ஒன்று குழந்தைக்குப் பாதுகாப்பானது ஆகிவிடாது. மணிக் கண், பட்டன், ராஜாவின் கிரீடத்தில் ஒட்டிய கல், இடையனின் கோலுக்குள் கம்பி, நிற்பதற்காக அடியில் போட்ட பயறு – எல்லாமே ஆபத்து. அமெரிக்காவில் மூன்று வயதுக்குக் கீழான பொம்மைகளைச் சோதிக்க ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாகப் போகிற சின்னப் பாகம் குழந்தையின் தொண்டையையும் அடைக்கலாம் என்பது கணக்கு.

அதனால் அக்கா கண்களை நூலாலேயே தைத்தாள். கோலை இடையனின் அங்கி மேலேயே எம்பிராய்டரி போட்டாள். பேட்டர்ன் சொன்னதைவிட ஒரு சைஸ் சின்ன ஊசி எடுத்தாள். பின்னல் நெருக்கமாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்காது. ஆட்டுக்கு வளையம் வளையமாக ரோமம் வைத்தால் பிஞ்சு விரல் மாட்டும். நிட்டும் பர்லும் மாற்றி மாற்றிப் போட்டுச் சொரசொரப்பாக முடித்தாள்.

சிக்கல் ஒருவரிடம்தான் வந்தது. மற்றவர்களின் அளவுக்குச் சரியாகப் பின்னினால், குழந்தை இயேசு கட்டைவிரல் அளவுதான். முழுக் குடிலிலும் அந்த உருளைக்குள் வழுக்கிக்கொண்டு போகிற ஒரே ஆள் அவர்.

“அப்போ பெருசா பின்னு” என்றேன்.

“ஆட்டைவிடப் பெருசா இருக்குமே?”

இருக்கட்டுமே. பழைய பைசாந்திய ஓவியங்களில் மரியா மற்ற எல்லாரையும்விடப் பெரியவளாகப் படுத்திருப்பாள். முக்கியமானவரைப் பெரிதாகப் போடுவது பழைய வழக்கம்தான். குழந்தை ஒரு சாண் நீளத்துக்கு வந்தது. யோசேப்பின் இடுப்பு வரை.

இந்த டிசம்பரில் குடில் மறுபடி தரைக்கு இறங்கியது. 24ஆம் தேதி ராத்திரி பூசை முடிந்து வந்ததும் தொட்டியில் குழந்தையைக் கிடத்தினோம். காலையில் பார்த்தால் தொட்டி காலி. அம்மா பதறிப்போய் வீடு முழுக்கத் தேடினார். அக்கா மகளின் அக்குளில் இருந்தது. ஒரு கை வாய்க்குள், முகமெல்லாம் எச்சில். அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா கையை நீட்டி எடுக்கப் போனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, போர்வையை மட்டும் இழுத்துவிட்டு வந்துவிட்டார்.