300 என்று அச்சிட்ட சில்லு 450-இல் ஓடிய கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கணினிச் செயலியை அதன் மேல் அச்சிட்ட வேகத்தைத் தாண்டி ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். கேம் விளையாடும் பிள்ளைகள் கண்டுபிடித்த புதுப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1984-இல் ஐபிஎம் நிறுவனம் பிசி ஏடி என்ற கணினியை வெளியிட்டது. அதில் இருந்த படிகம் 12 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும். 80286 செயலி அதைப் பாதியாக்கி 6-இல் ஓடும். அந்தப் படிகத்தைப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகித்தான் வைத்திருந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினார்கள். செயலி 8-இல் ஓடியது. ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. பின்னால் வந்த பயாஸில் ஒரு வேகச் சோதனையைச் சேர்த்தது. அளவுக்கு மேல் ஓடினால் கணினி தொடங்கவே மறுத்துவிடும். விற்பவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான இழுபறி அன்றே தொடங்கிவிட்டது.

அச்சிட்டதைவிட வேகமாக ஒரு சில்லு எப்படி ஓடும்? ஒரே சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகள் உருவாகின்றன. எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சோதித்துப் பார்த்து, தாங்கும் வேகத்துக்கு ஏற்பப் பிரித்து, எண்ணை அச்சிடுகிறார்கள். ஆனால் சந்தையில் மலிவான சில்லுக்குத்தான் கிராக்கி அதிகம். அதனால் நன்றாக ஓடக்கூடிய சில்லும் குறைந்த எண்ணோடு வெளியே வரும். ‘ஏ’ செக்‌ஷனில் இடம் நிரம்பிவிட்டதால் ‘சி’ செக்‌ஷனுக்கு வந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

1990-களில் இதில் ஒரு திருட்டும் நுழைந்தது. சில வியாபாரிகள் சில்லின் மேலிருந்த எண்ணைச் சுரண்டி அழித்து, பெரிய எண்ணை அச்சிட்டு விற்றார்கள். இதையும் காரணம் காட்டி இன்டெல் பெருக்கல் எண்ணைப் பூட்டியது. செயலியின் வேகம் என்பது பஸ் வேகத்தைப் பெருக்கல் எண்ணால் பெருக்கினால் வருவது. ஒன்றைப் பூட்டினாலும் மற்றொன்று திறந்தே இருந்தது.

அந்த வழியில் வந்ததுதான் செலிரான் 300ஏ. 1998 ஆகஸ்டில் வெளியானது; விலை 149 டாலர். அதே மாதம் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு 669 டாலர். 300ஏ-வின் கணக்கு 66 பெருக்கல் 4.5. பஸ்ஸை 100 ஆக்கினால் 450. பென்டியம் 2-வில் கேஷ் நினைவகம் தனிச் சில்லுகளில், பாதி வேகத்தில் ஓடியது. செலிரானில் வெறும் 128 கிலோபைட்தான், ஆனால் செயலிக்குள்ளேயே, முழு வேகத்தில் ஓடியது. அபிட் நிறுவனத்தின் பிஎச்6 மதர்போர்டு இருந்தால் ஜம்பரைத் தொடவே வேண்டாம், பயாஸ் திரையிலேயே மாற்றலாம். அந்த வசதி இல்லாத போர்டு வைத்திருந்தவர்கள் பி21 என்ற முனையில் சின்ன டேப் துண்டை ஒட்டி, இது 100 மெகாஹெர்ட்ஸ் சில்லுதான் என்று போர்டை நம்பவைத்தார்கள்!

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பேராசைப்படாமல் பஸ்ஸை 83-இல் நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மை நேர்மாறு. ஹார்ட் டிஸ்க் முதலானவை பிசிஐ பாதையில் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். பஸ் 66 என்றால் போர்டு அதை 2-ஆல் வகுக்கும். 100 என்றால் 3-ஆல். இரண்டிலும் விடை 33. 83-ஐ 2-ஆல் வகுத்தால் 41-ஐத் தாண்டிவிடும். செயலி தாங்கினாலும் டிஸ்க்கில் எழுதிய கோப்பு கெட்டுப்போகலாம். அதிக வேகம் பத்திரமாகவும் குறைந்த வேகம் ஆபத்தாகவும் இருந்த விசித்திரம் இது.

எல்லாச் சில்லும் 2.0 வோல்ட்டில் 450-ஐத் தொட்டுவிடவில்லை. சிலவற்றுக்கு 2.2 தர வேண்டியிருந்தது. மின்செலவு வேகத்தோடு நேராகக் கூடும். வோல்ட்டோடு இருமடிப்படி கூடும். வேகம் 1.5 மடங்கு, வோல்ட் 1.1 மடங்கு, அதன் இருமடி 1.21. பெருக்கினால் வெப்பம் ஏறத்தாழ 1.8 மடங்கு. பெரிய ஹீட்சிங்க் தேவைப்பட்டதன் காரணம் இதுதான். வெப்பமும் மின்னோட்டமும் மிகுந்தால் சில்லுக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தடத்தின் அணுக்களே மெல்ல இடம்பெயரும். மோட்டரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1969-இலேயே இதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார். இன்று ஓடுவது சில ஆண்டுகளில் நின்றுபோவது இப்படித்தான்.

என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் முக்கியமானது வேகம் அல்ல, சோதனை. விண்டோஸ் திறந்துவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. செயலி நின்றுபோனால் நமக்குத் தெரியும். நிற்காமல் தப்பாகக் கூட்டினால் யாருக்குத் தெரியும்? இதற்கு விடை கணிதத்திலிருந்து வந்தது. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மேன் மிகப் பெரிய மெர்சென் பகா எண்களைத் தேடும் திட்டத்தைத் தொடங்கினார். வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரே ஒரு பிழை நுழைந்தாலும் முழு உழைப்பும் வீண். எனவே அவருடைய பிரைம்95 மென்பொருளில், விடை தெரிந்த கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒப்பிடும் கடும் சோதனை சேர்ந்தது. ஓவர்கிளாக்கர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓர் இரவு முழுக்கப் பிழையின்றி ஓடினால்தான் நிலையானது என்ற வழக்கம் வந்தது. பிழை வந்தால் வேகத்தை ஒரு படி இறக்கு, மறுபடி சோதி.

பிறகு 2000-இல் ஏஎம்டியின் அத்லான், டியூரான் சில்லுகளின் மேலிருந்த நுண்ணிய புள்ளிகளைச் சாதாரண பென்சிலால் கோடு போட்டு இணைத்துப் பூட்டைத் திறந்தார்கள். கிராஃபைட் மின்சாரம் கடத்தும் என்ற பள்ளிப் பாடம்தான். பின்னாளில் இன்டெலே பூட்டில்லாத ‘கே’ வகைச் சில்லுகளைக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் தடுத்ததே பிறகு சரக்கானது.

2024-இல் இன்னொன்று நடந்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் சில, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே தடுமாறின. அளவுக்கு மேல் வோல்ட் போனதுதான் காரணம் என்று நிறுவனமே அறிவித்து, மைக்ரோகோடைத் திருத்தி, உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே கெட்ட சில்லை அந்தத் திருத்தம் சரிசெய்யாது.

அந்தக் காலத்தில் 300ஏ ஓட்டியவர்கள் இங்கே யாராவது இருந்தால், எத்தனை வோல்ட்டில் 450-ஐத் தொட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள்.