வட்டுக்கோட்டைச் செமினரி: பட்டயம் பெறாத ஒரு கல்லூரியின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே உள்ள வட்டுக்கோட்டையில் 1823 முதல் 1855 வரை இயங்கிய செமினரி, எக்காலத்திலும் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்பட்டதில்லை. ஆயினும் அதைத் தொடங்கியவர்களின் மனத்தில் இருந்தது ஏறத்தாழ அப்படி ஒரு நிறுவனமே. 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் அச்சிட்டு வெளியிட்ட திட்டம், தமிழ் இளைஞருக்கு ஆங்கிலத்தையும் ஐரோப்பிய அறிவியலையும் முழுமையாகக் கற்பிப்பதோடு, தமிழ் இலக்கண இலக்கியங்களை முறைப்படி பயிற்றுவிக்கவும், தேர்ந்த சிலருக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கவும் கருதியது. அந்நியர் எழுதும் தமிழைவிடத் தமிழரே எழுதும் உரைநடை மக்களால் விரும்பிப் படிக்கப்படும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதும், அத்தகைய எழுத்தாளரை உருவாக்குவதைக் கல்லூரியின் கடமைகளுள் ஒன்றாக வைத்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கவை. மதப் பரப்பலே அவர்களுடைய முதல் நோக்கம்; அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

அமெரிக்கரை ஐயத்துடன் நோக்கிய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் அரசு, கல்லூரிக்குப் பட்டயம், அதாவது ஒரு நிறுவனத்தைச் சட்டப்படி நிலைநிறுத்தும் அரசு ஆவணம், வழங்கவில்லை. அதே அரசு 1820இல் வந்திறங்கிய மிஷன் அச்சாளர் ஜேம்ஸ் காரெட்டைத் தங்க விடாததால், அவருக்கென வந்த அச்சுப்பொறி நல்லூரில் இருந்த ஆங்கிலேய மிஷனின் கைக்குச் சென்றது. புதிய அமெரிக்க மிஷனரிமார் வருவதற்கான தடை 1833இல்தான் நீங்கியது. பட்டயம் கிடைக்காமையால் கல்லூரி ‘மத்திய பாடசாலை’ என்ற அடக்கமான பெயருடன் தொடங்கி, 1827 முதல் செமினரி எனப்பட்டது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர். நன்கொடை அளித்த நீதிபதி ரிச்சர்ட் ஒட்லியின் பெயரால் ஒட்லி மண்டபம் எழுந்தது.

மாணவர்கள் வந்து சேர்ந்த வழி படிப்படியானது. மிஷன் ஊர்தோறும் நடத்திய இலவசத் தமிழ்ப் பாடசாலைகளில் கற்ற சிறுவர்களுள் சிலர் தெல்லிப்பழை முதலிய இடங்களின் விடுதிப் பள்ளிகளுக்கும், அங்கிருந்து தேர்ந்தோர் வட்டுக்கோட்டைக்கும் வந்தனர். உணவும் உடையும் இலவசம் என்றபோதும் பெற்றோர் எளிதில் இணங்கவில்லை. கிறிஸ்தவர் வளவுக்குள் உண்பதால் சாதியாசாரம் கெடும் என்ற அச்சம் வலுவாக இருந்தமையால், தொடக்க காலத்தில் அண்டையிலிருந்த இந்து ஒருவரின் நிலத்தில் தனிச் சமையற்கூடம் அமைக்க வேண்டியதாயிற்று. சமத்துவத்தைப் போதிக்க வந்தவர்கள் சாதிக்கு இவ்வாறு விட்டுக்கொடுத்ததை அவர்களுடைய பலவீனம் என்று கூறலாம். ஆனால் விட்டுக்கொடாதிருந்தால் வகுப்பறையே நிரம்பியிருக்காது. மற்றொரு வழக்கமும் அக்காலத்துக்கே உரியது: மாணவர் ஒருவரின் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர், தாம் விரும்பிய பெயரை அவருக்குச் சூட்டலாம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, காரல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை எனப் பின்னாளில் புகழ்பெற்றோரின் பெயர்களில் கடல் கடந்த அந்தக் கணக்குவழக்கு இன்றும் ஒட்டியிருக்கிறது. பெண்களுக்கு இங்கே இடமில்லை. அவர்களுக்கான விடுதிப் பள்ளி 1824இல் உடுவிலில் தோன்றியது.

கற்றலின் தன்மையை எடுத்துக்காட்ட வானியல் ஒன்றே போதும். யூக்ளிட்டின் வடிவகணிதமும் திரிகோண கணிதமும் பயின்ற மாணவர்கள் அவற்றைக் கிரகண கணிப்புக்குப் பயன்படுத்தினர். அதே துறையில் பரம்பரையாகத் தேர்ந்த பஞ்சாங்கக் கணிதரும் அயலிலேயே வாழ்ந்தனர். 1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணம் தொடங்கும் நேரம், நீடிப்பு, மறையும் அளவு ஆகியவற்றில் விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கமும் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. ஊரார் பலர் கூடிப் பார்த்திருக்க, பூவரின் கணக்கே சரியாயிற்று. மிஷனரிமார் இதைத் தம் வெற்றியாகப் பறைசாற்றினர். ஆயினும் வேறுபாடு நேரத்திலும் அளவிலும்தான் இருந்ததேயன்றி, கிரகணம் நிகழும் நாளைப் பஞ்சாங்கமும் சரியாகவே கூறியிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பூவருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் அந்த மரபைப் புறந்தள்ளாமல், ‘உள்ளமுடையான்’ என்னும் தமிழ்ச் சோதிட நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1848இல் வெளியிட்டார். ‘சிவஞானபோத’த்தையும் அவர் பின்னர் மொழிபெயர்த்தார். சைவத்தை வெல்ல வந்தவர் சைவ சித்தாந்தத்தின் மூல நூலை அமெரிக்க அறிஞர்க்கு அறிமுகம் செய்தமை, இருமொழிக் கல்வி ஆசிரியரையும் மாணவராக்கியதற்குச் சான்று.

1834இல் மானிப்பாயில் மிஷனின் அச்சகம் இயங்கத் தொடங்கியபின் நூற்பற்றாக்குறை குறைந்தது. 1841 ஜனவரியில் அவ்வச்சகத்திலிருந்து வெளிவந்த ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகைக்கு முதல் ஆசிரியர்களாக அமர்ந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும், பெயர் எவ்வாறிருப்பினும், செமினரியில் பயின்ற தமிழர்களே. அன்று குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1850இல் வெளியான தம் நூலில், செமினரியின் தரத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிட்டுப் பாராட்டினார்.

அந்தப் பாராட்டு வெளிவந்து ஐந்தாண்டுகளில் செமினரி மூடப்பட்டது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855இல் நேரில் வந்து ஆராய்ந்தார். ஆங்கிலம் கற்றோர் ஊழியத்தை விட்டு அரசாங்கக் கச்சேரிகளை நாடுகின்றனர், செலவுக்கு ஏற்ற சமயப் பயன் விளையவில்லை, மிஷன் கல்வி தாய்மொழியிலேயே அமைய வேண்டும் என்பன அவருடைய முடிவுகள். அவர் தரப்பில் நியாயம் உண்டு. ஆங்கிலம் உத்தியோகத்துக்கான ஏணி என்றே பல குடும்பங்கள் கருதின. எனினும் தாய்மொழியின் பெயரால் அவர் மூடியது, தமிழ் உரைநடையும் தமிழ்வழி அறிவியலும் வளர்ந்த இடத்தையே. காரல் விசுவநாதபிள்ளையின் ‘வீசகணிதம்’, அட்சர கணிதத்தைத் தமிழில் விளக்கும் நூல், அந்த 1855இலேயே அச்சானது. பூவர் இந்த முடிவைக் காணவில்லை. அவர் அவ்வாண்டு பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முறையாக நடத்திய பி.ஏ. தேர்வில் தேறியோர் இருவர்; விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமாகிய அவ்விருவருமே வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் ‘வீரசோழிய’த்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் ‘கலித்தொகை’யையும் ஏடுகளிலிருந்து ஒப்புநோக்கிப் பதிப்பித்தார், சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர் வரலாறான ‘பாவலர் சரித்திர தீபக’த்தை 1886இல் வெளியிட்டார். யாழ்ப்பாண மக்களோ ஆங்கிலக் கல்வியை விடுவதாயில்லை: செமினரியின் பழைய மாணவர் ஒருவர் 1856இலேயே வட்டுக்கோட்டையில் ஆங்கில உயர்பாடசாலை ஒன்றைத் திறந்தார், 1872இல், மிஷனின் பழைய தயக்கங்கள் ஓரளவு தணிந்த நிலையில், யாழ்ப்பாணக் கல்லூரி அதே வளவில் தொடங்கப்பட்டது.