பஞ்சநாரி கடம்

பஞ்சநாரி கடம் என்பது ஐந்து பெண்களின் உடல்களைப் பின்னிக் குடமாக்கிக் காட்டும் கண்டியக் கலை வடிவம். எட்டி நின்று பார்ப்பவருக்குக் குடம். கிட்ட வந்தால் வளைந்த இடுப்பும் மடங்கிய முழங்காலும் ஆடை மடிப்பும். குருநாகல் மாவட்டத்து ரிதி விகாரையின் வாசலில் உள்ள யானைத்தந்த வேலை இதற்குப் பெயர் பெற்றது.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இவ்வகை உருவங்களைத் தொகுத்துள்ளார். நால்வர் சேர்ந்தால் பல்லக்கு, அறுவர் தோரணம், எழுவர் குதிரை, எண்மர் தேர், ஒன்பதின்மர் யானை. தமிழகத்திலும் ஒடிசாவிலும் கண்ணனோ மன்மதனோ ஏறிவரும் நவநாரி குஞ்சரம் இதே குடும்பம்தான். யானையும் குதிரையும் ஆண் ஏறுவதற்கு என்பது வெளிப்படை. குடத்தில் ஏறுபவர் யாருமில்லை. அது மங்கலத்தின் பூரண கும்பம். காமத்தைச் சுபமாக மாற்றும் உத்தி என்று இதைக் கொண்டால்தான், துறவிகள் வாழும் விகாரையின் வாசலில் இது இருப்பது விளங்கும்.

இதன் உறவுக்காரி நாரிலதா, அதாவது கொடியில் பூக்கும் பெண். இமயத்துத் தவசிகள் அவளைக் கண்டு தவவலிமை இழந்தார்கள் என்பது கதை. கண்டி அரசுக்கு முந்திய கம்பளைக் காலத்ததாகக் கருதப்படும் எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களில் அவள் இருக்கிறாள். ஆகவே பெண்ணுடலை அலங்காரமாக வளைக்கும் வழக்கம், மதுரை வழி நாயக்கர் கண்டியில் அரசேறுவதற்கு முன்பே மலைநாட்டில் இருந்தது.

கண்டியக் காலப் பெண்களின் உடையை அறிய வத்தேகமவுக்கும் கண்டிக்கும் இடையே அமுணுகமவிலுள்ள தெகல்தொருவ குகை விகாரைக்குப் போகலாம். நாயக்க மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தொடங்கிய பணி அது. ஓவியர்களில் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே ரிதி விகாரையிலும் வரைந்தவர். செந்நிறப் பின்னணியில் வெஸ்ஸந்தர, சுதசோம ஜாதகக் கதைகளின் பெண்கள் கண்டிய உடுப்பும் நகையுமாக நிற்கிறார்கள். கூரைப்பாறையில் மாரனின் படை. ஆசையின் அதிபதியைப் புத்தர் வெல்லும் காட்சிக்கு ஓவியர் செலவிட்ட வண்ணத்தைப் பார்த்தால், தோற்றவன் மீதும் அவருக்குக் கொஞ்சம் பிரியம் இருந்ததாகத் தோன்றும்.

பெண்ணுடலை அலங்காரமாக்குவது பற்றிய கேள்வி இன்றைய சீனப் பீங்கானில் தலைகீழாக எழுகிறது. 1962இல் ஜியாங்சி மாகாணத்தில் பிறந்து, பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெஜென்னில் தொழில் கற்ற லியூ ஜியான்ஹுவா, 1990களின் பிற்பகுதியில் சீபாவ் எனும் இறுக்கமான பெண்ணுடை தரித்த உருவங்களைச் செய்தார். அவற்றுக்குத் தலையில்லை, கைகளில்லை. சோபாவிலும் குளியல் தொட்டியிலும், பரிமாறும் தட்டிலும்கூடச் சாய்ந்து கிடக்கின்றன. பளபளக்கும் வண்ணப்பூச்சு உடையைக் கொண்டாடுகிறது. உடுத்தவள் யார் என்பதற்கு விடையில்லை. அவரது நாட்டவரான லி சியாவ்ஃபெங் ஒருபடி மேலே போய், பழைய பீங்கான் ஓடுகளைக் கோத்து ஆளில்லாத ஆடைகளையே செய்கிறார்.

கண்டியக் குடத்தில் முகங்கள் ஐந்தும் உண்டு. தனித்த பெண் ஒருத்தியும் இல்லை. தொல்கைவினையான அந்தக் குடத்தை மங்கலம் என்று வணங்கிக் கடந்துவிட முடிகிறது. லியூவின் தட்டு அந்த வசதியைப் பார்வையாளருக்குத் தருவதில்லை.